விஜயதசமி அன்று அரைத்த வேர்

எனக்கு இன்னும் முப்பத்தாறு முடியவில்லை. பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்துக்கு எழுதச் சொன்னபோது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பிரிவை மூடி, மிச்சமிருந்தவர்களை எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மாற்றியபோது நான் போகவில்லை. விடிந்ததும் கம்பெனி வண்டி ஏற வேண்டும், திரும்பி வரும்போது இருட்டிவிடும். மகள் கீர்த்தனா அப்போதுதான் இரண்டாம் வகுப்பு. யோசித்து யோசித்து, கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் அடிக்கடி கணவரைக் கேட்கிறேன். அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பிரிவுபசாரத்தின்போது கூட வேலை பார்த்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, புது லேப்ல மெஷினே ஆயிரக்கணக்குல டெஸ்ட் பண்ணிடுது. நீங்க ஒரே ஒரு வேரை வெச்சிக்கிட்டு எப்படிக்கா மாசக்கணக்குல ஓட்டுனீங்க?” அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. வாயில் கேக் இருந்ததால் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டுமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

வேதியியல் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மூலிகைகளிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து தேடுவது எங்கள் வேலை. வேலியோரம், சுடுகாட்டோரம் என்று பார்க்காமல் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து வந்திருக்கிறது. அதுபோல இன்னொன்று எங்காவது காட்டில் இருக்காதா என்ற ஆசை.

மலைநாட்டுப் பக்கமிருந்து வேரும் பட்டையும் மூட்டைகளில் வரும். நிழலில் உலர்த்துவோம், அரைவை இயந்திரத்தில் பொடியாக்குவோம், பொடியை எரிசாராயத்தில் ஊறவைத்து வடிகட்டுவோம். சாராயத்தை ஆவியாக்கிவிட்டால் புளிக்குழம்பு வற்றியதுபோல ஒரு பசை குடுவையின் அடியில் நிற்கும். அந்தப் பசையைப் பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதி புற்றுச் செல்களைக் கொல்கிறது என்று பார்க்க வேண்டும். கொல்கிற பகுதியை மறுபடி பிரிக்க வேண்டும். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு பொருள் கையில் மிஞ்சும் என்பது கணக்கு.

செல்கள் செத்தனவா என்று பார்க்கிற முறை அழகானது. சின்னச் சின்னக் குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, நம் பொருளைச் சேர்த்து, பிறகு ஒரு மஞ்சள் நிறச் சாயம் விடுவோம். உயிரோடிருக்கும் செல்கள் அந்தச் சாயத்தை ஊதாவாக மாற்றும். செத்த குழிகள் மஞ்சளாகவே கிடக்கும். மஞ்சள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்.

நாங்கள் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் எங்கள் அறையிலிருந்து ஒரு மருந்துகூடக் கடைக்குப் போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த அறையை நினைத்தால் எனக்கு நன்றிதான் முதலில் வருகிறது. அதற்குக் காரணம் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் வசுந்தரா.

மேடம் மைசூர்ப் பக்கம். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர். வாக்கியத்தில் அங்கங்கே கன்னடம் ஒட்டிக்கொண்டு வரும். செல் வளர்க்கும் அறை வாசலில் வளையல்களைக் கழற்றி ஒரு சோப்பு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். யாராவது ஆர்வத்தில் “மேடம், கொன்னுடுச்சு” என்று சொல்லிவிட்டால் போதும்.

“யாரு கொன்னது? செத்திருக்கு, அஷ்டே. வேற காரணம் சொல்லு.”

அஷ்டே என்றால் அவ்வளவுதான். வேறு காரணம் சொல்லியாக வேண்டும். சூடு கூடியிருக்கலாம். செல்லுக்குத் தீனி போதாமல் போயிருக்கலாம். பொருளைக் கரைக்க ஊற்றிய திரவமே கொன்றிருக்கலாம். ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகச் சோதித்து, ‘இது இல்லை’ என்று காட்டி, காரணங்கள் தீர்ந்துபோன பிறகுதான் முடிவை முடிவு என்று ஒத்துக்கொள்வார். பலர் இதைத் தொல்லை என்று நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று தெருமுனைவரை போய்த் திரும்பி வருகிற ஆள் நான். வீட்டில் அதை வியாதி என்பார்கள். மேடத்திடம் அது வேலைக்கான தகுதியாக இருந்தது.

கண்டிப்பான அந்த மேடம் ஆயுத பூஜைக்கு மட்டும் தளர்வார். அரைவை இயந்திரத்துக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு முறை அரைக்கும் முன்பும் பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, சாராயத்தில் துடைத்துக் காயவிட வேண்டும். மர்பி டவுனிலிருந்து வந்த முனிராஜு அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். விதியை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. ஆயுத பூஜை அன்று மேடம் பட்டுப் புடவையில் வந்து, ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, தராசிலிருந்து பம்ப் வரை ஒவ்வொன்றுக்கும் தன் கையால் மஞ்சள் குங்குமம் வைப்பார். அரைவை இயந்திரத்துக்கு மட்டும் கவனிப்பு அதிகம். “தினமும் வயிறு நெறையத் தின்னுறவன் இவன்தானே” என்று அதன் வாயைச் சுற்றித் தடிமனாகப் பூசிவிடுவார். வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை பங்கிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் விஜயதசமிக்கு, வைத்த பொட்டை அழிக்காமல் முதல் அரைப்பு. ஊரில் எந்த ஆட்டோக்காரரும் எந்த லேத்துக்காரரும் செய்வதுதான். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றியதில்லை.

நான் சொல்ல வந்தது, கீர்த்தனா பிறந்து, விடுப்பு முடிந்து நான் திரும்பிய வருடத்தில் நடந்தது. என்னுடையது அப்போது திட்டத்தோடு ஒட்டிய தற்காலிக வேலை. பணம் கொடுத்தது வெளியூர் மருந்துக் கம்பெனி ஒன்று. வருடக் கடைசியில் அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார். நம்பிக்கையான பொருள் ஒன்று கையில் இருந்தால் திட்டம் நீளும், என் வேலையும் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் அத்தோடு சரி. கணவரின் தொழிற்சாலையில் அப்போது பாதி நாள் கதவடைப்பு. என் வேலை போனால் என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. கொல்லுகிற பொருளை நாளெல்லாம் கையாண்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பால் கொடுக்கிறோமே என்ற பயம். மேடத்திடம் கேட்டேன். பால் மறக்கும்வரை வேர் உலர்த்தும் வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்றார். வருடக் கடைசி நெருங்கும்போது மாற எனக்கு மனமில்லை. கையுறையும் கோட்டும் போட்டுக்கொண்டேன். கோட்டைத் தனி வாளியில், தனி சோப்பில், நானே துவைத்தேன். குழந்தையைப் பார்த்துக்கொண்ட என் நாத்தனார் செல்வி அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். “அண்ணி, நீங்க மருந்து கண்டுபுடிக்கிறீங்களா, சோப்பு கண்டுபுடிக்கிறீங்களா?”

அந்த விஜயதசமிக்கு மேடம் தேர்ந்தெடுத்த மூட்டையில் ஒரு கொடியின் வேர் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை. உள்ளே இயல்பாகவே மஞ்சள் ஓடிய வேர் என்பதால் சாறும் மஞ்சளாக வந்தது. அதிலிருந்து பிரித்த ஒரு பகுதி செல்களைக் கொன்று தள்ளியது. மேடம் வாரக்கணக்கில் வேறு காரணம் கேட்டார், நாங்கள் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தள்ளினோம். வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் துண்டில் அந்தப் பகுதியை ஒரு புள்ளியாக வைத்து, அடியில் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் ஏற ஏறப் புள்ளி பிரியும். எங்கள் புள்ளி ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று மஞ்சள் பொட்டுகளாகப் பிரிந்தது. “நோடு, இங்க பாரு, அக்கா தங்கச்சி மூணு பேர்” என்றார் மேடம். அதற்குப் பிறகு எல்லோரும் அவற்றை மூன்று சகோதரிகள் என்றே சொன்னோம். பொருளின் உருவத்தை உறுதியாகக் காட்டுகிற பெரிய கருவி எங்களிடம் இல்லை. வேறொரு நிறுவனத்தில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். முறை வர மாதங்களாகும். கம்பெனி ஆள் அடுத்த வாரமே வருகிறார்.

அந்தச் சனிக்கிழமை சகோதரிகளின் கரைசல் ஒரு துளி என் கோட்டுக் கையில் சிந்திவிட்டது. மறுநாள் காலை மாடியில் என் வாளியோடு உட்கார்ந்தேன். கறையை நனைத்து பார் சோப்பைத் தேய்த்தேன். மஞ்சள், கண்ணெதிரே, செங்கல் சிவப்பாக மாறியது.

சமையல் மஞ்சளின் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எவருக்கும் தெரியும். எங்கள் சகோதரிகளும் வெறும் மஞ்சள்தானோ என்று தோன்றியது. உடனே படித்த புத்தி சமாதானம் சொன்னது. சோப்பில் காரம் இருக்கிறது, காரம் பட்டால் சிவக்கும் வேர்ச் சாயங்கள் எத்தனையோ உண்டு, இது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். பக்கத்தில் கீர்த்தனாவின் துண்டு கிடந்தது. பயத்தமாவும் மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டித் துடைத்த துண்டு. அதிலும் மஞ்சள் கறை இருந்தது. அதையும் அதே சோப்பில் துவைத்து, இரண்டையும் ஒரே கொடியில், வெயிலில் பக்கம் பக்கமாகப் போட்டேன். மஞ்சள் கறையை வெயில் தின்றுவிடும். வேர்ச் சாயம் என்றால் நிற்குமே என்று ஒரு நப்பாசை. மதியம் முழுக்கக் காரணமே இல்லாமல் மாடிக்கு ஏறி ஏறி இறங்கினேன். சாயங்காலம் பார்த்தபோது துண்டும் வெளுத்திருந்தது, கோட்டும் வெளுத்திருந்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

“நீ சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?”

“அந்தப் பெரிய மெஷின்ல வெச்சா தெரிஞ்சிடும். அதுக்கு மாசக்கணக்காகும்.”

“அதுக்குள்ள உன் வேலை பர்மனென்ட் ஆயிடும்ல?”

“ஆயிடும்.”

அவர் எழுந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். நான் கோட்டை மடித்துக்கொண்டிருந்தேன். மாசக்கணக்கு என்று நான் சொன்ன அந்த மாதங்களில் எங்கள் பொருளை எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், பெங்களூரில் ஏதோ கிடைத்திருக்கிறதாம் என்று யாரிடமாவது சொல்லக்கூடும். கேட்பவர் நம்பிக் காத்திருக்கவும் கூடும். ஒருவேளை நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்றும் நினைத்தேன். இரண்டும் மாறி மாறி வந்தன.

திங்கட்கிழமை முதலில் முனிராஜுவிடம் போய், விஜயதசமி அன்று இயந்திரத்தைத் துடைத்தாரா என்று கேட்டேன்.

“பூஜை வெச்சத எப்டிம்மா தொடைக்கறது? மொத அரைப்பு முடிஞ்சப்புறம்தான் கழுவுனேன். வருஷா வருஷம் அப்டித்தானே.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எம் மேல எதுனா வந்துருமா?”

இல்லை என்று தைரியமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. மஞ்சள் காய்ந்து, இயந்திரம் அதிர்கிற அதிர்ச்சியில் பெயர்ந்து, வேரோடு உள்ளே விழுந்திருக்கிறது. விசாரணை என்று வந்தால் இயந்திரத்துக்குப் பொறுப்பு அவர்தான். மேடத்தின் அறைக்குப் போகிற வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன்.

“மேடம், வேற ஒரு காரணம் இருக்கு.”

பேனாவைக் கீழே வைத்தார். வாளி, சோப்பு, துண்டு, வெயில் என்று வரிசையாகச் சொன்னேன். யார் மஞ்சள் வைத்தது என்ற இடத்தை மட்டும் தாண்டிப் போனேன்.  நான் முடித்ததும் மேடம் கேட்டார்:

“அந்த அரிசினம் வெச்சது என் கை அல்லவா?”

மஞ்சளைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.  அவர் எழுந்து போய்ப் பூஜை அலமாரியிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்து வந்தார்.

சோதனையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு சிட்டிகை மஞ்சளைச் சாராயத்தில் கலக்கி வடித்தார். கண்ணாடித் துண்டில் பென்சிலால் மெல்லிய கோடு கிழித்து, இடப்பக்கம் எங்கள் வேரின் புள்ளி, வலப்பக்கம் மஞ்சளின் புள்ளி வைத்தார். கரைப்பானில் நிறுத்தி மூடினார். ஈரம் மேலே ஊர்ந்து ஏறுவதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். முனிராஜு கதவருகே நின்றார். இடப்பக்கம் மூத்தவள் பிரிந்தாள். வலப்பக்கமும் அதே உயரத்தில் ஒருத்தி பிரிந்தாள். இரண்டாமவளுக்கு இரண்டாமவள், மூன்றாமவளுக்கு மூன்றாமவள்.

“மூணு பேரும் நம்ம அடுக்களைல இருந்து வந்தவங்க” என்றார் மேடம். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். பிறகு முனிராஜுவைப் பார்த்துக் கன்னடத்தில், உன் தப்பு இல்லை, பூசினவளும் நான், துடைக்காதே என்று சொன்னவளும் நான், இதை எங்கே வேண்டுமானாலும் நானே சொல்வேன் என்றார். முனிராஜு இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அத்தோடு விடுவாரா மேடம். சாக்கில் மிச்சமிருந்த வேரை, கழுவிய கல் உரலில் கையால் இடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். அந்த வாரம் முழுக்கச் செய்தோம். தட்டு ஊதாவாக வந்தது. வேருக்கு ஒரு செல்லைக்கூடக் கொல்லத் தெரியவில்லை. மஞ்சள் தூள், தட்டில் வளரும் செல்களைக் கொல்வது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. தட்டில் கொல்வது வேறு, உடம்பில் போய் வேலை செய்வது வேறு. எங்கள் கையில் இருந்த நம்பிக்கை போனது போனதுதான்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து வந்தவர் சென்னைக்காரர். அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே மேடம் அந்தக் கண்ணாடித் துண்டை மேசையில் வைத்து, நடந்ததைத் தன் கை பூசிய மஞ்சளிலிருந்தே சொல்லத் தொடங்கினார். நான் பின்னால் நின்றிருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“இதை இப்பவே சொல்லணும்னு அவசியமில்லையே மேடம். இங்க யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

“நான் கேப்பேனே” என்றார் மேடம்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் என் பக்கம் திரும்பினார். பார் சோப்பு என்றேன். நான் கிண்டல் செய்கிறேனோ என்று கொஞ்சம் பார்த்தார். பிறகு கீர்த்தனாவின் துண்டு வரை கேட்டுக்கொண்டார்.

திட்டம் நீளவில்லை. மேடம் முதலில் முனிராஜுவுக்கு வேறு பிரிவில் இடம் பார்த்தார். அதுதான் சரி என்று எனக்கும் தெரிந்தது. என் வேலை போய், நான் வீட்டோடு இருந்தேன். கணவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமோ என்று நான்தான் தினமும் துணி துவைக்கும்போது நினைத்தேன். கீர்த்தனா சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியது அந்த மாதங்களில்தான். வேலையில் இருந்திருந்தால் அதைச் செல்வி வந்துதான் எனக்குச் சொல்லியிருப்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் பக்கத்து வீட்டு போனுக்கு மேடத்திடமிருந்து அழைப்பு வந்தது. அந்தச் சென்னைக்காரர், வேறு ஊர்களில் கிடைத்த இரண்டு பொருட்களை எங்களிடம் அனுப்பியிருந்தார். நம்பிக்கையானவை என்று அங்கே கொண்டாடிய பொருட்கள். இவற்றுக்கு ‘வேற காரணம்’ உண்டா என்று எங்கள் அறை சொல்ல வேண்டுமாம். அதற்கு ஒரு நிரந்தர வேலையும் ஒதுக்கியிருந்தார்கள். “சோப்புப் போடுற பொண்ணு வந்தாத்தான் எடுப்பேன்னு மேடம் சொல்லிட்டாங்க” என்று, எங்கள் அறைக்கே திரும்பியிருந்த முனிராஜு பிற்பாடு சொன்னார். மேடம் என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. எப்போது வர முடியும் என்று மட்டும் கேட்டார்.

நான் திரும்பிச் சேர்ந்த சில நாட்களில் ஆயுத பூஜை வந்தது. மேடம் அதே பட்டுப் புடவையில், மஞ்சள் கிண்ணத்தோடு வந்தார். தராசுக்கு வைத்தார், பம்புக்கு வைத்தார். அரைவை இயந்திரத்தின் முன் வந்ததும் நின்றார்.  அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ சொல்லு. எங்க வெக்கறது?”

“கால்ல வைங்க மேடம்.”

முழங்கால் வலிக்காரர் அவர். புடவையை ஒதுக்கிக்கொண்டு, சிமென்ட் தரையில் மெதுவாக உட்கார்ந்து, இயந்திரத்தின் நான்கு கால்களுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். அவர் எழுந்திருக்க முனிராஜு கை கொடுத்தார். “மெஷின் ஆசீர்வாதம் பண்ணிடுச்சு மேடம்” என்றார். அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் விஜயதசமி. முதல் அரைப்புக்கு முன்பு இயந்திரத்தைத் தேய்த்துக் கழுவி, சாராயத்தில் துடைத்தவர் மேடமேதான். காயும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்று அரைத்தது ஏதோ ஒரு பட்டை. சில நாட்கள் கழித்து அதன் தட்டுக்குச் சாயம் விட்டு எடுத்து வந்தேன். மேடம் வளையல்களைச் சோப்பு டப்பாவில் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

முழுக்க ஊதா. ஒரு குழிகூட விடுபடவில்லை.

“எல்லாம் உயிரோட இருக்கு” என்றார் மேடம். தட்டை என் கையில் கொடுத்தார். அன்று நான் அவரிடம் வேறு காரணம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.